வலிப்பு நின்ற பிறகு அடிக்கும் நோயாளியைக் கட்டிப்போடலாமா?

கேள்வி: 4 ஜூன் 2025, காலை 9.20 (குடியாத்தத்திலிருந்து)

என் கணவருக்கு வயது 34. ஆறு ஆண்டுகளாக வலிப்பு வருகிறது. சென்ற வாரம் வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் இரவு வார்டிலேயே பெரிய வலிப்பு வந்தது. அது நின்ற சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்தவர் டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார், வார்டு பணியாளரின் கையைக் கடித்தார், செக்யூரிட்டியை உதைத்தார். நான்கு பேர் சேர்ந்து அமுக்கி, கை கால்களைக் கட்டிலோடு கட்டினார்கள். விடிந்ததும் அவருக்கு எதுவும் நினைவில்லை. மணிக்கட்டில் இருந்த தடத்தைக் காட்டி, "இது என்ன?" என்று என்னையே கேட்டார். வார்டில் எல்லாரும் அவரை முரடன் என்கிறார்கள். வீட்டில் அவர் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. இது நோயா, அல்லது உள்ளே இருந்த குணம் வெளியே வந்துவிட்டதா? அடுத்த முறையும் கட்டத்தான் வேண்டுமா?

4 ஜூன் 2025, பிற்பகல் 1.05

நோய்தான். நரம்பியல் வார்டில் 27 ஆண்டுகள் பிரதராக, அதாவது ஆண் செவிலியராகப் பணிசெய்து, அதில் பெரும்பகுதியை இரவுப் பணியிலேயே கழித்தவன் என்ற முறையில் ஒன்றைக் கேட்கிறேன். அவர் முதலில் கடித்தாரா, அவர்கள் முதலில் பிடித்தார்களா? வரிசையை நினைவுபடுத்திப் பாருங்கள், சகோதரி. வலிப்பு நின்றவுடன் மூளை முழுவதும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வதில்லை. கை கால்கள் முதலில் எழுந்துவிடும். இடம், காலம், எதிரில் நிற்பவர் யார் என்ற அறிவு பின்னால் வந்து சேரும். அந்த இடைவெளியில் நான்கு பேர் பிடித்தால், தன்னை யாரோ தாக்குகிறார்கள் என்றே அவர் உடல் எடுத்துக்கொள்ளும். நான் வாங்கிய அடிகளில் முக்கால்வாசி, நானே கை நீட்டி வாங்கியவை.

4 ஜூன் 2025, இரவு 10.40

பிற்பகலில் அவசரமாக எழுதிவிட்டேன். இப்போது விரிவாக எழுதுகிறேன்.

ஆரணியிலிருந்து வந்த பட்டு நெசவாளர் ஒருவர், ஜன்னல் ஓரக் கட்டில். இரவு இரண்டு மணிக்கு மேல் வலிப்பு வந்தது. இரண்டு நிமிடங்களுக்குள் நின்றுவிட்டது. பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, வாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தேன். ஐந்து நிமிடம் குறட்டையுடன் கிடந்தவர் சட்டென்று எழுந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை. வலது கை வெடுக் வெடுக்கென்று பக்கவாட்டில் வீசியது. புதிதாகச் சேர்ந்திருந்த பணியாளர், "அடிக்க வருகிறார் பிரதர்" என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடிக்கப் பாய்ந்தார். நான் அவரைத் தடுத்தேன். ஏனென்றால் கீழே நோயாளியின் பாதங்கள் தரையை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தன. அவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். பாதம் மிதிக்கட்டையை மிதித்தது. கை ஊடுநூல் ஓட்டும் நாடாவை வீசியது.

டிரிப்ஸ் ஸ்டாண்டை நகர்த்தினேன். தலைமாட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளரையும் பிளாஸ்கையும் எடுத்துவிட்டேன். நேர் மேலே எரிந்த டியூப் லைட்டை அணைக்கச் சொல்லி, வராந்தா விளக்கை மட்டும் விட்டுவைத்தேன். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காமல், கை எட்டாத தூரத்தில் ஒரு பக்கமாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் மனைவி மட்டும் பேசினார், அதுவும் ஒரே வாக்கியம்: "ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்." நெசவு கொஞ்ச நேரம் நடந்தது. பிறகு எழுந்து சுவர் வரை நடந்தார். நானும் இரண்டு அடி தள்ளி உடன் நடந்தேன். திரும்பி வந்து படுத்தார். 2.35க்கு, "விடிந்துவிட்டதா?" என்று கேட்டார். அன்று அவர் கையைப் பிடித்திருந்தால், முரடன் என்ற பட்டம் அவருக்கும் கிடைத்திருக்கும்.

5 ஜூன் 2025, காலை 6.10

ஒரு திருத்தம். நேற்று எழுதியதைப் படித்தால் எல்லாரும் 20 நிமிடத்தில் தெளிந்துவிடுவார்கள் என்று தோன்றும். அப்படியில்லை. சிலருக்குப் பத்து நிமிடம் போதும். வயதானவர்களுக்கும், ஏற்கனவே மூளையில் பாதிப்பு உள்ளவர்களுக்கும், அடுத்தடுத்துப் பல வலிப்பு வந்தவர்களுக்கும் மணிக்கணக்கில் ஆகலாம். கை வைக்காமல் இருப்பது என்றால் கவனிக்காமல் இருப்பது என்று பொருள் கொள்ளவும் வேண்டாம். மாடிப்படி, திறந்த ஜன்னல், அடுத்த கட்டில் நோயாளி ஆகியவற்றை நோக்கிப் போனால் தடுத்தே ஆக வேண்டும். அப்போதும் எதிரே நின்று மார்பில் கை வைத்துத் தள்ளாமல், பக்கத்தில் இருந்து முழங்கையை லேசாகத் தொட்டுத் திசை திருப்பினால் பெரும்பாலும் திரும்பிவிடுவார்கள்.

5 ஜூன் 2025, பிற்பகல் 2.30

இரும்புச் சாவியைக் கையில் கொடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சாவிக்கும் வலிப்புக்கும் தொடர்பில்லை. வலிப்பு பெரும்பாலும் தானாக நிற்கும். சாவி கையிலேயே இருக்கும். அதன் பிறகு வரும் பத்து நிமிடக் குழப்பத்தில் அந்தச் சாவியாலேயே உங்கள் நெற்றியில் ஒன்று விழும். எனக்கு விழுந்திருக்கிறது. கொடுத்தவர் நோயாளியின் மாமனார், வாங்கியவன் நான்.

5 ஜூன் 2025, இரவு 11.15

கட்டலாமா என்ற கேள்விக்கு நான் இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. சொல்லத் தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. இடத்தின் பெயர் வேண்டாம். கட்டுமஸ்தான இளைஞர் ஒருவர், வலிப்புக்குப் பிறகு எழுந்து வார்டு கதவை நோக்கி ஓடினார். நாங்கள் நான்கு பேர் பிடித்துத் தரையில் சாய்த்தோம். குப்புற விழுந்தார். நான் கால்களைப் பிடித்திருந்தேன். ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தார். அவர் திமிறத் திமிற நாங்கள் இன்னும் அழுத்தினோம். கொஞ்ச நேரத்தில் திமிறல் நின்றது. "அடங்கிவிட்டான்" என்று முதுகில் இருந்தவர் சொன்னார். வயதில் மூத்த சிஸ்டர் ஒருவர் ஓடி வந்து, "முகத்தைப் பார்த்தீர்களா?" என்று கத்தினார். புரட்டிப் பார்த்தால் உதடு நாவல் பழம் தின்றவனின் உதடு போல இருந்தது. ஆக்சிஜன் வைத்து, சக்ஷன் குழாயால் எச்சிலை உறிஞ்சி எடுத்து, மூச்சு ஒழுங்குக்கு வர இரண்டு மூன்று நிமிடங்கள் ஆயின. பிழைத்துக்கொண்டார். வலிப்பு முடிந்த உடல் ஏற்கனவே ஆக்சிஜனுக்கு ஏங்கும் உடல். அதைக் குப்புறக் கிடத்தி முதுகை அமுக்கினால் மூச்சு நின்றுபோகலாம். இதை அன்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

கேஸ் ஷீட்டில் "நோயாளி கட்டுக்கடங்காமல் இருந்தார், அமைதிப்படுத்தப்பட்டார்" என்று எழுதப்பட்டது. எழுதியவன் நான்.

எனவே என் பதில் இது. வேறு எந்த வழியிலும் உயிருக்கு வரும் ஆபத்தைத் தடுக்க முடியாத நிலையில் மட்டும், மல்லாந்தோ பக்கவாட்டிலோ, துணிப்பட்டையால், சில நிமிடங்கள் மட்டும் கட்டலாம்; ஒருவர் முகத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும்; கட்டிய நேரமும் அவிழ்த்த நேரமும் எழுதப்பட வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநல நிறுவனங்களுக்கு ஏறக்குறைய இதையே சொல்கிறது: உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீளாமல், தண்டனையாகவும் கூடாது, ஆள் பற்றாக்குறைக்காகவும் கூடாது. நரம்பியல் வார்டு அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வராவிட்டாலும் அந்த அளவுகோலை எடுத்துக்கொள்வதில் நமக்கு நட்டமில்லை. ஆள் பற்றாக்குறை என்ற சொல்லைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் மறைக்கவில்லை. நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் இருக்கும் இரவில், கட்டுவதற்கான காரணம் வேறு என்னவாக இருக்கும்?

6 ஜூன் 2025, காலை 7.45

"ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டால் முடிந்தது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முடியாது. ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு.

சர்க்கரை: விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிட வேலை. சர்க்கரை இறங்கினாலும் மனிதர் இப்படித்தான் கையை வீசுவார். குடிப்பழக்கம்: நிறுத்திய முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வந்து, அதன் பிறகு கைநடுக்கமும், வியர்வையும், அங்கே இல்லவே இல்லாத பூச்சியைப் பார்ப்பதும் வந்தால், அது வலிப்புக்குப் பிந்தைய குழப்பம் மட்டும் இல்லை, அதற்குத் தயமின் (வைட்டமின் பி1) உள்ளிட்ட வேறு சிகிச்சை உண்டு. காய்ச்சல், விழுந்ததில் தலையில் அடி, நிரம்பிய மூத்திரப்பை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மூத்திரப்பையைச் சொன்னால் இளம் டாக்டர்கள் சிரிப்பார்கள். டிரிப்ஸ் இரண்டு பாட்டில் ஏறியவரைக் கட்டிலோடு கட்டிவைத்தால் அவர் வேறென்ன செய்வார்?

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவரை நான் மறக்கவே முடியாது. வலிப்புக்குப் பிறகு இரவு முழுவதும், நான் அவருடைய வலது கையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் இடது கையால் என்னைக் குத்தினார். மற்ற நேரத்தில் முனகிக்கொண்டு சும்மா கிடந்தார். காலையில் எக்ஸ்ரே எடுத்தபோது வலது தோள்மூட்டு பின்பக்கமாகக் கழன்றிருந்தது. வலிப்பின் இழுப்பில் அப்படிக் கழல்வது உண்டு. வெளிப்பார்வைக்கு எளிதில் தெரியாது. நான் ரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்று கழன்ற தோளை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஊசியின் வேலை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ வலிப்பை நிறுத்தும் லோராசெபாம் அல்லது மிடாசோலம் தாமதமின்றி வேண்டும். நின்றுபோன வலிப்புக்குப் பிறகு வரும் குழப்பத்துக்கு அதே ஊசியைப் பழக்கதோஷத்தில் போட்டால் குழப்பம் நீளலாம், மூச்சு மந்தமாகலாம். அதைவிட, தெளிவு திரும்புகிறதா என்று பார்க்கும் வழியே அடைபட்டுவிடும். ஒரு மணி நேரம் கடந்தும் கொஞ்சமும் தெளியாதவருக்கு, வெளியே தெரியாமல் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம், அதை மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.தான் காட்டும். ஆபத்து மிஞ்சும்போது மயக்க மருந்து கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. கொடுத்தால் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி விரலில் இருக்கட்டும்.

6 ஜூன் 2025, மாலை 5.20

மொழியைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். வேலூர் மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும்: லாட்ஜ் பலகையும் சாப்பாட்டுக் கடைப் பலகையும் வங்காள எழுத்தில் இருக்கும். வார்டிலும் அப்படித்தான். ஒரு பக்கம் வங்காளி, ஒரு பக்கம் சித்தூர்த் தெலுங்கர், ஒரு பக்கம் ஆம்பூர் உருது. தெளியாத மூளைக்கு முதலில் திரும்புவது பெரும்பாலும் தாய்மொழிதான் என்பதை நான் வார்டில் கண்டிருக்கிறேன். தமிழில், "ஐயா, படுங்கள், படுங்கள்" என்று நாங்கள் ஐந்து பேர் கூவினால், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவருக்கு அது முன்பின் தெரியாத ஐந்து பேரின் கூச்சல். "பயப்படாதீர்கள்" என்பதை மட்டும் நான்கு மொழியில் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். தெலுங்குக்கு "பயபடகண்டி", ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கத்து உருதுவுக்கு "டரோ நக்கோ", வங்காளத்துக்கு "பொய் நேய்". கடைசியைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில் பாட்டி, "பாவம், அந்தப் பிள்ளையிடம் எதற்குப் பொய், நெய் என்கிறாய்?" என்று கேட்டார். அன்று வலிப்பு வந்தவரைத் தவிர அனைவரும் சிரித்தோம்.

8 ஜூன் 2025, காலை 10.00

இது முக்கியமான திருத்தம். மேலே உள்ளவற்றைப் படித்தவர்கள் இதையும் கட்டாயம் படிக்க வேண்டும். என்னுடன் முன்பு பணிபுரிந்த மனநல மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "காத்திருங்கள், தெளிந்துவிடுவார் என்று எழுதிவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டீர்களே?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி.

நான் எழுதியது வலிப்பு முடிந்த கையோடு வரும் குழப்பத்தைப் பற்றி மட்டும். இன்னொன்று இருக்கிறது. பல வலிப்புகள் கொத்தாக வந்து, நோயாளி நன்றாகத் தெளிந்து, பேசி, சாப்பிட்டு, சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ சாதாரணமாக இருந்த பிறகு மனப்பிறழ்வு தொடங்கும். 1988-இல் லாக்ஸ்டெயில், டூன் என்ற இருவர் வகுத்த வரையறையின்படி, தெளிந்த ஒரு வாரத்துக்குள் இது தொடங்கலாம். முதல் அறிகுறி பெரும்பாலும் தூக்கமின்மை. பிறகு சந்தேகம், கடவுள் தன்னிடம் பேசுவதாகச் சொல்வது, தேவையற்ற உற்சாகம் அல்லது அச்சம். இங்கே வரும் வன்முறைக்கு இலக்கு உண்டு. தன்னையே மாய்த்துக்கொள்ளும் முயற்சியும் வரலாம்.

பேரணாம்பட்டைச் சேர்ந்த இளைஞர். இரண்டு நாளில் நான்கு வலிப்பு. பிறகு ஒன்றரை நாள் வார்டில் எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. எனக்கே ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் இரவு தூங்கவில்லை. எதிர்க் கட்டில்காரர் தன்னைப் பார்த்து உதட்டை அசைக்கிறார் என்று இரண்டு முறை சொன்னார். நான் புன்னகைத்துவிட்டு நகர்ந்தேன். விடியற்காலை அவர் அம்மா தலையணையைச் சரிசெய்யும்போது அந்தப் பழம் நறுக்கும் கத்தி அடியில் இருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மனநல மருத்துவர் வந்து மருந்து தொடங்கினார். சில நாட்களில் தணிந்தது. இந்த நிலையில் விளக்கை அணைத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது சிகிச்சை ஆகாது. தூங்கவில்லை என்று தெரிந்தவுடனே டாக்டரை அழைப்பதுதான் வேலை. அதை நான் செய்யவில்லை.

8 ஜூன் 2025, இரவு 9.30

கடிபட்ட பணியாளரைப் பற்றி யாருமே கேட்கவில்லை. மனிதப் பல் கடி எளிதில் சீழ் பிடிக்கும், சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும், டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசியும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நிலவரமும் பார்க்க வேண்டும். அவர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளராக இருப்பார். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போயிற்று. நோயாளி வேண்டுமென்று செய்யவில்லை என்று அவரிடம் யாராவது உட்கார்ந்து விளக்கினால் பாதிக் கோபம் அடங்கும். வழக்குப் போட முடியுமா என்று கேட்டவருக்கு: மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பது உண்மை; ஆனால் தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத மனநிலையில் செய்த செயல் குற்றமாகாது என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவும் சொல்கிறது. வலிப்புக் குழப்பம் அதற்குள் வருமா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றமே முடிவுசெய்யும்.

9 ஜூன் 2025, பிற்பகல் 12.15

சகோதரி அனுப்பிய மருந்துச் சீட்டைப் பார்த்த பிறகு என் முதல் பதிலில் பாதியை மாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் கட்டி போன்ற ஒரு புள்ளி, நாடாப்புழுவின் சிற்றுருவாக இருக்கலாம் என்று குறிப்பு. வேலூர் வட்டாரத்துக்கு இது புதிதில்லை. இங்கே நடத்திய கள ஆய்விலேயே வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருந்தது. பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் அசுத்தமான தண்ணீர், கழுவாத பச்சைக் காய்கறி, கை வழியாக முட்டை உள்ளே போய் வரும்.

சீட்டில் என் கண் நின்றது வேறிடத்தில். அவருக்குப் புழு மருந்தான ஆல்பெண்டசோலுடன், வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டும் போகிறது. ஒரு மாதமாக லெவெடிராசிடாம் என்ற வலிப்பு மருந்தும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. "ஒரு மாதமாகச் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார்" என்று நீங்கள் இரண்டாவது கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். லெவெடிராசிடாம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் தரும். ஸ்டீராய்டும் மனநிலையைக் குலைக்கும். இந்தக் கோபத்துக்கும் அந்த இரவுக்கும் வேறுபாடு உண்டு: இது முழு நினைவோடு வருவது, வலிப்பு இல்லாத நாளிலும் வருவது. இரண்டையும் தேதி போட்டுத் தனித்தனியாக எழுதி டாக்டரிடம் கொடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம்.

9 ஜூன் 2025, பிற்பகல் 3.50

வலிப்புக்காரர்கள் எல்லாருமே ஆபத்தானவர்கள் என்று எழுதியவருக்குச் சுருக்கமாக: 1981-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், ஏறக்குறைய 5400 நோயாளிகளிலிருந்து, வலிப்பின்போது தாக்கினார்கள் என்று சந்தேகிக்கப்பட்ட 19 பேரைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. படம் பிடித்துப் பார்த்தபோதும் அச்செயல்கள் எளியவையாக, ஒரே மாதிரியாக, தொடர்ச்சியின்றி இருந்தன. திட்டமிட்ட தாக்குதலாக எதுவும் இல்லை. நரம்பியல் அறுவை மருத்துவர் ஜேக்கப் சாண்டி இந்த வேலூரில் வலிப்புக்கு மூளை அறுவை சிகிச்சை செய்தது 1952-இல். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் இந்த ஊர்க்காரர் ஒருவர் இப்படி எழுதுவதைப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

14 ஜூன் 2025, இரவு 8.05

சகோதரியிடமிருந்து செய்தி வந்தது. நேற்று முன்தினம் இரவு மறுபடியும் வலிப்பு வந்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்து டிரிப்ஸ் வயரைப் பிடித்தாராம். யாரும் கையைப் பிடிக்கவில்லை. பணியில் இருந்த சிஸ்டர் வயரை மட்டும் கழற்றி, கையில் குத்தியிருந்த ஊசிக்குழலான வென்ஃப்ளானை மூடிக் கட்டு சுற்றிவிட்டு விலகி நின்றிருக்கிறார். சகோதரி கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இது நான் சொல்லித் தராதது, அவருக்கே தோன்றியது. முன்பு கடிபட்ட பணியாளர்தான் அன்றும் இரவுப் பணி. அவர் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். இப்போது மருந்தையும் மாற்றப்போகிறார்கள்.

கேஸ் ஷீட்டில் சிஸ்டர் எழுதியதைச் சகோதரி படித்துச் சொன்னார்: "வலிப்பு 1.50 முதல் 1.52 வரை. சர்க்கரை 104. கட்டவில்லை. ஊசி போடவில்லை. 2.20க்குப் பெயர் சொன்னார். 2.30க்குத் தண்ணீர் கேட்டார்."